காயம் இல்லையென்றால் கேஸ் இல்லையா? (தரிப்பிடச் சண்டையில் கையைப் பிடித்து இழுத்த விவகாரம்)

மூன்றாம்மாடி | வியாழன், இரவு 9.10

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஓடும் ஒரு ஒழுங்கையில், தொடர்மாடி ஒன்றில் இருக்கிறேன். ஞாயிறு பின்னேரம் மகளோடு கடைக்குப் போய் வந்து பார்த்தால் என் வாகனத் தரிப்பிடத்தில் ஐந்தாம் மாடிக்காரரின் வான் நிற்கிறது. இது முதல் தடவை இல்லை. ஆளுக்கு அறுபது வயது இருக்கும், கட்டட நிர்வாகக் குழுவிலும் இருக்கிறார். கீழே வந்தவரிடம் "ஐயா, வானைக் கொஞ்சம் எடுங்கோ" என்று மரியாதையாகத்தான் கேட்டேன்.

"நீ நேற்று வந்த பொடியன்" என்று தொடங்கினார். சொல்லிச் சொல்லி என் தோளில் விரலால் குத்தினார், மூன்று நான்கு தடவை. பேச்சு வேண்டாம் என்று லிப்ட் பக்கம் திரும்பினேன். மணிக்கட்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். பிறகு கையில் இருந்த குடையை ஓங்கி, "இன்னொரு கதை கதைத்தாய் என்றால் பார்" என்றார். அடிக்கவில்லை. மகளுக்கு ஒன்பது வயது. அன்று இரவு முழுக்க, "அப்பா, அந்த மாமா ஏன் உங்களைப் பிடித்தவர்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பொலிஸுக்குப் போனேன். எந்த நிலையம் என்று சொல்லவில்லை. அங்கிருந்தவர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு "காயம் எங்கே?" என்று சிரித்தார். நான் சொன்னதைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். என் சிங்களம் மரக்கறிக்கடை வரைக்கும்தான். போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கேள்வி இதுதான். இரத்தம் இல்லை, வீக்கம் இல்லை. இது சட்டத்தில் தாக்குதல் ஆகுமா, ஆகாதா?


சும்மா ஒருவன் | வியாழன், இரவு 9.32

தோளில் விரல் பட்டதற்கு கேஸா? அப்படிப் பார்த்தால் புறக்கோட்டையில் ஒரு நாள் நடந்து திரிந்தவன் ஐந்நூறு பேர் மேல் வழக்குப் போடலாம். வயதான மனுசன், பிரஷர் ஏறிக் கத்தியிருப்பார். விடுங்கோ தம்பி. ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு பொலிஸ், கோடு என்று போனால் கரைச்சல் உங்களுக்குத்தான்.


புதுக்கடைப் பேனா | வியாழன், இரவு 10.48

மூன்றாம்மாடி அண்ணா, நான் தொழிலுக்கு வந்து நாலு வருசம்தான். இருந்தாலும் புதுக்கடை நீதவான் நீதிமன்றப் படிகளில் தேய்ந்த சப்பாத்து இது, கொஞ்சம் சொல்கிறேன்.

"காயம் எங்கே" என்ற கேள்வியே பிழையான இடத்தில் தொடங்குகிறது. நமது தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டுடையது. அதில் உடம்பின் மேல் கை வைக்கும் விவகாரம் ஒரே குற்றமாக இல்லை, தனித்தனி அறைகளாக இருக்கிறது.

முதல் அறை 340, 341ஆம் பிரிவுகள். 340 வலு என்றால் என்ன என்று சொல்கிறது. ஒருவரை அசைய வைத்தாலும் வலு, அசைந்துகொண்டிருப்பவரை நிறுத்தினாலும் வலு. ஒரு பொருளை அவர் உடம்பிலோ, உடுத்திருப்பதிலோ, கையில் கொண்டுபோவதிலோ பட வைத்தாலும் வலு. நாயை ஏவிவிட்டாலும் அதற்குள் வரும். 341 அந்த வலு எப்போது குற்றமாகிறது என்று சொல்கிறது. வேண்டுமென்றே செய்திருக்க வேண்டும். மற்றவரின் சம்மதம் இருக்கக்கூடாது. ஒரு குற்றத்தைச் செய்வதற்காக இருக்க வேண்டும், அல்லது சட்டவிரோதமாகக் கேடோ பயமோ எரிச்சலோ உண்டாக்கும் எண்ணமோ, உண்டாகும் என்ற அறிவோ இருக்க வேண்டும். எரிச்சல் என்ற சொல்லைக் கவனியுங்கள். காயம் என்று அங்கே எழுதியே இல்லை. தெருவில் ஒருவரை வேண்டுமென்று இடிப்பதைச் சட்டமே உதாரணமாகக் கொடுத்திருக்கிறது. இதற்கான தண்டனை 343இல், மூன்று மாதம் வரை சிறை, அல்லது குற்றப்பணம், அல்லது இரண்டும்.

உங்கள் தோளில் குத்திய விரல் இந்த அறைக்குள் வருகிறது. மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது இன்னும் தெளிவாக வருகிறது. அதோடு, போக உரிமையுள்ள பக்கம் போகவிடாமல் தடுத்தது 330ஆம் பிரிவில் தனிக் குற்றம்.

இனித்தான் வேடிக்கை. "தாக்குதல்" என்று சட்டக்கோவை சொல்வது 342ஆம் பிரிவில். அதற்குத் தொடவே தேவையில்லை! எதிரில் நிற்பவர், "இவன் இப்போது எனக்கு அடிக்கப் போகிறான்" என்று அஞ்சும்படி ஒரு சைகையோ ஆயத்தமோ காட்டினால் போதும். கைமுட்டியை மடக்கி ஆட்டுவது, கடிநாயின் வாய்க்கட்டை அவிழ்ப்பது எல்லாம் அங்கே உள்ள உதாரணங்கள். வெறும் வார்த்தை மட்டும் என்றால் தாக்குதல் ஆகாது. ஆனால் ஒரு சைகைக்கு என்ன அர்த்தம் என்பதை வார்த்தை காட்டிக் கொடுக்கலாம். சும்மா குடையைத் தூக்கினால் மழைக்கு என்று சொல்லலாம். "இன்னொரு கதை கதைத்தாய் என்றால் பார்" என்று சொல்லிக்கொண்டு தூக்கினால் அது மழைக்கு இல்லை.

ஆக, உங்கள் கேள்விக்குக் கண்டிப்பான விடை: அவர் தொட்டது "தாக்குதல்" இல்லை, தொடாமல் ஓங்கியதுதான் தாக்குதல். தொட்டது குற்றமான வலுப்பிரயோகம். இரண்டுமே குற்றம்.


கொட்டாஞ்சேனைக்காரன் | வியாழன், இரவு 11.05

அமெரிக்க நாடகங்களில் "அசோல்ட் அன்ட் பற்றரி" என்று சொல்லும்போது ஏன் பற்றரி வருகிறது என்று பல வருசம் யோசித்திருக்கிறேன். இன்றைக்குத்தான் விளங்கிச்சு, நமக்கு பற்றரி இல்லை, வலு மட்டும் இருக்கிறது என்று. :)


புதுக்கடைப் பேனா | வியாழன், இரவு 11.20

ஹாஹா. ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தில் தொடுவதற்குத்தான் அந்தப் பற்றரி. நம்முடையது இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பார்த்து எழுதியது, அதனால் பெயர்கள் வேறு.

ஒன்றை விட்டுவிட்டேன். காயம் பற்றிய 310ஆம் பிரிவை எடுத்தாலும் அங்கே இரத்தம் கேட்கவில்லை. உடல் நோவு, நோய், இயலாமை, இவற்றில் ஒன்றை உண்டாக்கினால் போதும். நோவு மட்டுமே போதும். கன்னத்தில் ஒரு அறை, தடம் பத்து நிமிடத்தில் மறைந்துவிடும், ஆனாலும் நொந்தால் 314 தான். ஒரு வருடம் வரை சிறை. மூன்றாம்மாடி அண்ணா, இழுத்தபோது மணிக்கட்டு நொந்ததா? நொந்திருந்தால் பொலிஸில் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவம் கேட்டிருக்க வேண்டும். அந்தப் படிவத்தோடு அரச ஆஸ்பத்திரிக்குப் போனால் சட்ட வைத்திய அதிகாரி பார்த்து எழுதுவார். நாலு நாள் கழித்துப் போனால் எழுத என்ன மிஞ்சியிருக்கும்?


சும்மா ஒருவன் | வெள்ளி, காலை 7.15

சரி, சட்டம் படித்தவர் சொல்கிறார், நான் எதிர்க்கவில்லை. ஆனால் பஸ்ஸில் ஏறினால் இடிபடாமல் இறங்க முடியுமா? எல்லாம் குற்றமா?


புதுக்கடைப் பேனா | வெள்ளி, காலை 8.02

இல்லை ஐயா. முதலாவது, வேண்டுமென்றே என்பது வேண்டும். இரண்டாவது, 88ஆம் பிரிவு இருக்கிறது. சாதாரண புத்தியும் சுபாவமும் உள்ள ஒருவர் முறையிடாத அளவுக்கு அற்பமான தீங்கு குற்றம் இல்லை. புறக்கோட்டையில் உங்களை இடித்த ஐந்நூறு பேரும் அந்தக் கதவால் வெளியே போய்விடுவார்கள். விளையாட்டில் படுகிற அடியும் அப்படித்தான், மைதானத்தில் இறங்கினால் ஆட்ட விதிக்குள் வருவதற்குச் சம்மதித்துத்தான் இறங்குகிறோம்.


101 பயணி | வெள்ளி, மதியம் 1.40

அந்தக் கதவு யாருக்குத் திறக்கிறது என்பதுதான் என் பிரச்சினை.

நான் தினமும் தெஹிவளையில் இருந்து கோட்டைக்குப் போகிறேன். பிரேக் போட்டதால் வருகிற இடிக்கும் மற்ற இடிக்கும் வித்தியாசம் தெரியாத பெண் இந்த ஊரில் இல்லை. பிரேக்கில் வந்த கை உடனே விலகும். மற்றது விலகாது. நாங்கள் ஒரு அடி தள்ளி நின்றால் அதுவும் ஒரு அடி தள்ளி வரும். போன மாதம் ஒருவனைத் திரும்பிப் பார்த்துச் சத்தமாக "கையை எடுங்கோ" என்றேன். "சனத்தில பட்டுட்டு, அவ்வளவு பயம் என்றால் திரீவீலில் போ" என்றான். பஸ்ஸில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நடத்துனர் ரேடியோவைக் கூட்டினார்.

ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் செய்த ஆய்வில் பஸ்ஸிலும் ரயிலிலும் பாலியல் தொல்லையை அனுபவித்த பெண்கள் 90 வீதம் என்று வந்தது. பொலிஸுக்குப் போனவர்கள் 4 வீதம். எனக்கு ஆச்சரியமே இல்லை, நானும் மற்ற 96இல் ஒருத்தி.

சும்மா ஒருவன் அண்ணா, "விடுங்கோ தம்பி" என்று நீங்கள் சொன்னதை நாங்கள் பதின்மூன்று வயதில் இருந்து கேட்கிறோம்.


புதுக்கடைப் பேனா | வெள்ளி, பின்னேரம் 4.55

அக்கா, உங்கள் விசயம் 343 இல்லை, 345. அங்கே 88ஆம் பிரிவை யாராவது தூக்கிக்கொண்டு வந்தால் நான் கோட்டிலேயே சிரிப்பேன். 1995இல் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்தப் பிரிவைப் புதிதாக எழுதியது. தாக்குதலாலோ குற்றமான வலுவாலோ பாலியல் தொந்தரவு செய்தாலும், சொல்லாலோ செயலாலோ செய்தாலும் குற்றம். ஐந்து வருடம் வரை சிறை, நட்டஈடும் கட்டளையிடலாம். அது "இன்னொருவர்" என்றுதான் சொல்கிறது, பெண் என்று சொல்லவில்லை. பையன்களுக்கும் பொருந்தும்.

எண்ணத்தை எப்படி நிரூபிப்பது? மனதைத் திறந்து காட்ட முடியாது, நடத்தையில் இருந்துதான் ஊகிக்க வேண்டும். நீங்கள் சொன்ன அந்த "ஒரு அடி தள்ளி வந்தது" இருக்கிறதே, அதுதான் சாட்சியம். முறைப்பாட்டில் "தொட்டான்" என்று மட்டும் எழுதாமல், "நான் விலகினேன், பிறகும் வந்தான், சொன்னேன், பிறகும் எடுக்கவில்லை" என்று வரிசையாக எழுதுங்கள்.


பெயர் வேண்டாம் | வெள்ளி, இரவு 8.30

கந்தோரில் பொறுப்பதிகாரி கணினித் திரையைப் பார்க்கிற சாட்டில் தோளில் கை வைக்கிறார், எடுக்கிறதில்லை. நான் ஒன்றும் சொன்னதில்லை. ஒன்றும் சொல்லாதது சம்மதமா?


புதுக்கடைப் பேனா | வெள்ளி, இரவு 9.01

இல்லை தங்கச்சி. பயத்தினால் கொடுத்த சம்மதமே சட்டத்தில் சம்மதம் இல்லை, நீங்கள் கொடுக்கவும் இல்லை. 345இன் விளக்கக் குறிப்பே அதிகாரத்தில் உள்ளவர் வேலைத்தலத்தில் செய்கிற விரும்பப்படாத பாலியல் அணுகலைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இருந்தாலும் ஒரு தடவை "கையை எடுங்கள்" என்று சொல்ல முடிந்தால், அல்லது குறுஞ்செய்தியில் எழுத முடிந்தால் நல்லது. அதன் பிறகு "தெரியாமல் செய்தேன்" என்று அவர் சொல்ல முடியாது. சொல்லப் பயமாக இருந்தால் சொல்ல வேண்டாம், திகதியும் நேரமும் எழுதி வையுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.


ஓய்வூதியர் | சனி, காலை 6.20

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகள் சட்டத்தை நன்றாகவே சொல்கிறீர்கள். நான் சொல்லப் போவது சொல்லைப் பற்றி.

சாட்சிக் கூண்டில் ஏறும் எங்கள் ஆட்கள் எல்லாவற்றுக்கும் "அடித்தவர்" என்பார்கள். தள்ளினாலும் அடித்தவர், இழுத்தாலும் அடித்தவர். குறுக்கு விசாரணையில் சட்டத்தரணி எழும்பி "எந்தக் கையால் அடித்தார், எந்த இடத்தில் பட்டது?" என்று கேட்பார். "அடிக்கவில்லை ஐயா, பிடித்து இழுத்தவர்" என்று வரும். "அப்படியென்றால் பொலிஸில் ஏன் அடித்தார் என்று சொன்னீர்?" அத்தோடு முடிந்தது. உண்மை சொன்ன மனிதன் பொய்யனாகி இறங்கிப் போவதை எத்தனை தடவை என் வாயாலேயே மொழிபெயர்த்திருக்கிறேன்.

தம்பி மூன்றாம்மாடி, உமது வாக்குமூலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று உமக்கே தெரியாது. அதுதான் குடையைவிடப் பெரிய ஆபத்து. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி கொழும்பிலும் ஒரு அரச உத்தியோகத்தரோடு தமிழில் அலுவல் பார்க்க உமக்கு உரிமை உண்டு. தமிழில் எழுதுங்கள் என்று கேட்கலாம். ஆள் இல்லை என்றால், எழுதியதைத் தமிழில் வாசித்து விளக்கச் சொல்லி, விளங்கிய பிறகுதான் கையெழுத்து. நான் தொழிலில் இருந்த காலத்தில் "கையைப் பிடித்தார்" என்பது சிங்களத்தில் "கை கொடுத்தார்" என்று எழுதப்பட்டு வந்ததையும் பார்த்தேன். சண்டை போட்டவர்கள் கைகுலுக்கியதாகப் பதிவு!

முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கினீரா?


மூன்றாம்மாடி | சனி, காலை 9.45

வாங்கவில்லை ஐயா. இன்றைக்கே போகிறேன். சிங்களம் தெரிந்த நண்பன் ஒருவனையும் கூட்டிப் போகிறேன்.


வெண்கட்டி | சனி, காலை 11.30

இடையில் புகுவதற்கு மன்னிக்க வேண்டும், ஆசிரியர் ஒருவர். பேனா சொன்ன அதே 341ஆம் பிரிவின் கடைசி உதாரணம் எங்களைப் பற்றியது. ஆசிரியர் ஒருவர் நியாயமான அளவில் மாணவனுக்குப் பிரம்படி கொடுத்தால் அது குற்றமான வலு இல்லை என்று 1883இல் எழுதி வைத்தார்கள். எங்கள் பாடசாலையில் இன்னும் அதைச் சொல்லித் திரிகிற ஒரு சேர் இருக்கிறார். 2016இல் கல்வி அமைச்சின் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை உடல் தண்டனையைத் தடுத்தது அவருக்குத் தெரியாத மாதிரி. 2021இல், ஆசிரியர் அறைந்து மாணவன் ஒருவனின் காது பாதிக்கப்பட்ட வழக்கில், அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டிருக்கிறது என்று உயர் நீதிமன்றமே சொன்னது. சித்திரவதைக்கும் கொடூரமான நடத்துகைக்கும் எதிரான உறுப்புரை அது.

நானும் தொடக்க வருடங்களில் அடித்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளில் ஒருவன் இப்போது வங்கியில் இருக்கிறான், கண்டால் எழும்பி நிற்கிறான். மரியாதையா, பழைய பயமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.


சும்மா ஒருவன் | சனி, மதியம் 12.10

எங்கள் காலத்தில் அடி வாங்காதவன் இல்லை, ஒன்றும் குறைந்துபோகவில்லை. அது கிடக்கட்டும். 101 தங்கச்சி சொன்னதை இரவு யோசித்தேன். என் மகளும் பஸ்ஸில்தான் கம்பஸுக்குப் போகிறாள். கேட்டேன். "கேட்காதீங்கோ அப்பா" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை.

மூன்றாம்மாடித் தம்பிக்கு ஒரு கேள்வி. குடை ஓங்கும்போது நீங்கள் பிடித்து ஒன்று கொடுத்திருந்தால்?


புதுக்கடைப் பேனா | சனி, மதியம் 12.44

ஓங்கிய கையைத் தட்டிவிட்டிருந்தால், குடையைப் பறித்திருந்தால் அது தற்காப்பு, 89ஆம் பிரிவில் இருந்து அந்த அத்தியாயம் தொடங்குகிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது, ஆபத்து நிற்கும் வரைதான் உரிமை. குடையைப் பறித்த பிறகு அதே குடையால் "ஒன்று கொடுத்தால்" அது கணக்குத் தீர்ப்பது. அவர் எதிர் முறைப்பாடு போடுவார், இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே நீதவான் முன் கைகட்டி நிற்பீர்கள். வாரத்துக்கு இரண்டு பார்க்கிறேன்.

இன்னொன்று. 314, 343 போன்ற சிறு குற்றங்கள் நேரே கோட்டுக்குப் போகாது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி முதலில் மத்தியஸ்த சபை, எங்கள் சனம் இணக்கசபை என்று சொல்வது. அங்கே சட்டத்தரணிகளுக்கு வேலை இல்லை. இணக்கம் வராவிட்டால் சபை ஒரு சான்றிதழ் தரும், அதோடு நீதவானிடம் போகலாம். பொலிஸ் அசையாவிட்டால் நீங்களாகவே முறைப்பாடு தாக்கல் செய்யவும் குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 136ஆம் பிரிவில் வழி இருக்கிறது. நட்டஈடு மட்டும் என்றால் மாவட்ட நீதிமன்றம், அது உரோமன் டச்சுச் சட்டம், அங்கே தலைமுடி நரைக்கும்.

கட்டடத்துக் கமராப் பதிவை இன்றைக்கே கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்.


மூன்றாம்மாடி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8.20

எல்லோருக்கும் நன்றி, நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டாம் தடவை போனபோது வேறு ஒரு உத்தியோகத்தர் இருந்தார். பழைய வாக்குமூலத்தை நண்பன் வாசித்துச் சொன்னான். ஓய்வூதியர் ஐயா, நீங்கள் சொன்னது பகிடி இல்லை. அதில் "இரு சாராரும் வாய்த்தர்க்கத்தில் ஈடுபட்டனர்" என்று இருந்தது. கை, தோள், குடை ஒன்றும் இல்லை. மேலதிக வாக்குமூலம் கொடுத்தேன். அடித்தார் என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை. குத்தினார், பிடித்து இழுத்தார், ஓங்கினார், இந்த வரிசையில். இலக்கமும் வாங்கினேன்.

கமரா? பதிவு ஒரு கிழமைக்கு மேல் நிற்காதாம். நான் கடிதம் கொடுத்தது ஆறாம் நாள். அதைப் பார்க்க வேண்டிய குழுவில் அவரும் ஒருவர் என்பதை மறந்துவிட்டேன். நல்ல காலம், காவலாளி தன் கைத்தொலைபேசியில் திரையைப் படம் பிடித்து வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "போன வருசம் எனக்கும் செய்தவர் சேர்" என்றார். அவர் எங்கேயும் முறையிடவில்லை. யாரிடம் முறையிடுவது, சம்பளத்தில் கையெழுத்துப் போடுகிறவரே அவர்தான்.

நேற்று இணக்கசபை. ஒரு பாடசாலை வகுப்பறை, சின்னப் பிள்ளைகளின் வாங்குகள், முழங்கால் நெஞ்சில் முட்ட நாங்கள் இரண்டு பேரும். மத்தியஸ்தர்கள் மூன்று பேர், ஒருவர் தமிழில் கதைத்தார். ஐந்தாம் மாடிக்காரர் சொன்னது: "தம்பி மாதிரி நினைத்து உரிமையோடு கையைப் பிடித்தேன். வயதுக்கு மூத்தவன் பிடித்தால் குற்றமா?" தமிழில் கதைத்த அந்த அம்மா கேட்டார், "அப்படியென்றால் உங்களுக்கு மூத்தவர் ஒருவர் உங்கள் தோளில் இப்படிக் குத்தினால் பேசாமல் இருப்பீர்களா?" அவர் பதில் சொல்லவில்லை. குனிந்து மேசையில் பிள்ளைகள் கீறி வைத்திருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மன்னிப்பு என்ற சொல்லை அவர் எழுத மாட்டேன் என்றார். "இனிமேல் கை வைக்க மாட்டேன், அச்சுறுத்த மாட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் ஏற்றுக்கொண்டேன். மனைவிக்கு இது பிடிக்கவில்லை, சான்றிதழை வாங்கிக்கொண்டு கோட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்கிறாள். அவள் சொல்வதும் சரியாக இருக்கலாம். காவலாளியின் படத்தை நான் வெளியே எடுக்கவில்லை, எடுத்தால் அவர் வேலை போகும்.


101 பயணி | ஞாயிறு, இரவு 8.51

மகள் என்ன சொன்னாள்?


மூன்றாம்மாடி | ஞாயிறு, இரவு 9.03

அந்தக் கடதாசியைக் காட்டினேன். இரண்டு தரம் வாசித்துவிட்டு, "அப்போ காவல்கார மாமாவுக்கும் எழுதிக் கொடுத்தவரா?" என்று கேட்டாள்.


கொட்டாஞ்சேனைக்காரன் | ஞாயிறு, இரவு 9.30

எல்லாம் சரி அண்ணா, அந்த வான்?


மூன்றாம்மாடி | ஞாயிறு, இரவு 9.34

என் இடத்தில்தான் நிற்கிறது.